கட்டைவிரல் உயரத்தில் ஒரு படை

கட்டைவிரல் உயரமுள்ள வீரனுக்குக் கண் வரைவதுதான் என் தொழில். அதைவிடக் கஷ்டமான தொழில், அது என்ன தொழில் என்று மற்றவர்களுக்குச் சொல்வது. வீட்டிலிருந்து வேலை செய்து, "அப்ப நீங்கள் வேலைக்குப் போறேல்லையோ?" என்ற கேள்விக்கு அடிக்கடி ஆளாகிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இது ஒரு மேசை விளையாட்டு. இரண்டு பேர், ஆளுக்கொரு படை. எலும்புக்கூடுகள், குள்ளர்கள், அரக்கர்கள், குதிரைவீரர்கள் என்று எதுவும் இருக்கலாம். அளவுநாடா பிடித்துப் படையை நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் இருப்பது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள் மட்டும்தான். அவற்றை ஒட்டி நிறம் தீட்டப் பொறுமையில்லாத வெளிநாட்டுக்காரர்கள், திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். என் கணவருக்குக் கப்பலில் வேலை. வீட்டில் இருப்பது அம்மா, தங்கை கௌசி, நான், பிறகு படைகள்.

ரோசாப்பூவும் மீசையும்

முதலில் நான் ஒரு அழகுநிலையத்தில் மணப்பெண்களுக்கு நகத்தில் பூப்போட்டுக் கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெண்ணுக்கு ரோசாப்பூ வரைந்துகொண்டிருக்க, அவளைக் கட்டப்போகிற சுரேன் பக்கத்துக் கதிரையில் இருந்து என் தூரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நோர்வேயிலிருந்து கல்யாணத்துக்காக வந்தவர். அடுத்தநாள் அவளோடு திரும்பி வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி அரக்கனை எடுத்து மேசையில் வைத்து, "இதுக்கு நிறம் அடிச்சுத் தருவீங்களோ?" என்று கேட்டார். கல்யாணம் கட்ட வந்தவர் பையில் அரக்கனோடு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மணப்பெண்ணும் எதிர்பார்க்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

எனக்கு இதெல்லாம் ஏலாது, நான் நகத்துக்கு மட்டும்தான் என்றேன். சுரேன் அசையவில்லை. "அக்கா, நகத்தில ரோசாப்பூக் கீறத் தெரிஞ்ச உங்களுக்கு, அரக்கனுக்கு ஒரு மீசை கீற ஏலாதோ?"

தபால் கந்தோரில்

அரக்கனின் மீசை நோர்வேயில் நல்ல பெயர் எடுத்தது. சுரேனின் கூட்டாளிகளும் பெட்டி அனுப்பத் தொடங்கினார்கள். முதல் பெட்டியை எடுக்கப் போனபோது, தபால் கந்தோரில் இருந்த ஐயா அதை என் முன்னாலேயே பிரித்தார். உள்ளே கை தனி, கால் தனி, தலை தனி. "இது என்ன பிள்ளை?" என்று கேட்டார். நான் உள்ளதை உள்ளபடி, "படை ஐயா" என்றேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஒரு அம்மா தன் குடையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தா. ஐயா ஒரு தலையை எடுத்து, திருப்பிப் பார்த்து, மெதுவாகத் திரும்ப வைத்துப் பெட்டியை மூடினார். பிறகு குனிந்து எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "பிள்ளை, இனி வரேக்க பொம்மை எண்டு சொல்லுங்கோ. படை எண்டால் இஞ்ச எல்லாருக்கும் ஒரு மாதிரி."

முதல் சண்டை

நான் விளையாடத் தொடங்கியதற்குக் காரணம் றிஸ்வான். கிண்ணியாக்காரர், எங்கள் தெருவில் கைபேசி திருத்தும் கடை வைத்திருப்பவர். பூதக்கண்ணாடி பூட்டிய விளக்கு ஒன்று வாங்கப் போன இடத்தில், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மனிசன் உடனே என்னை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே ஒரு குள்ளர் படை, நிறமே இல்லாமல், போருக்கு எதிரியும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

எனக்கென்று ஒரு எலும்புக்கூட்டுப் படை வாங்கினேன். மாதக்கணக்கில் இருந்து நிறம் தீட்டினேன். சண்டை நாள் வந்தபோது, வடிவாக வந்தவர்களை முன்னால் விட மனம் வரவில்லை. தளபதியின் சால்வைக்கு மட்டும் ஒரு கிழமை, ஏழு நாளும், போயிருந்தது. அவரைக் கடைசி மூலையில், ஒரு கல்லுக்குப் பின்னால் நிறுத்தினேன். முன்னுக்கு நின்றதெல்லாம் நான் பழகத் தொடங்கிய காலத்து ஒன்றரைக் கண்ணர்கள். குள்ளர்கள் வந்தார்கள், வென்றார்கள், போனார்கள். றிஸ்வான் தாயக்கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அக்கா, நீங்க சண்டைக்கு வரல்ல. இவங்கள ஊர்வலத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீங்க."

மான் தின்ற காடு

போர்க்களத்துக்குக் காடு வேண்டும் என்று, தும்பும் தேயிலைச் சக்கையும் கோதுமைமாப் பசையும் சேர்த்து மரங்கள் செய்து, முற்றத்தில் காயவைத்தேன். எங்கள் நகரத்தில் மான்கள் ஆட்களைவிடச் சுதந்திரமாகத் திரிவதை மறந்துவிட்டேன். குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வர, பாதிக் காட்டைக் காணவில்லை. மான் ஒன்று மென்றபடி என்னைப் பார்த்தது. மிச்சத்தைக் கடைக்குக் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். றிஸ்வான் சிரிக்கவேயில்லை. "மனிசன் காடழிச்சு மான் பட்டினி கிடந்த கதைதான் நான் கேட்டிருக்கிறன், அக்கா."

மார்கழிப் பனி

சுரேன் ஒரு பெரிய குதிரைப்படை அனுப்பியிருந்தார். போட்டி ஒன்றுக்கு வேண்டும், பிந்தக்கூடாது என்று சொல்லியிருந்தார். நிறம் எல்லாம் முடிந்து, கடைசியில் பாதுகாப்புக்கு வார்னிஷ் விசிற வேண்டும். ஈரக்காற்றில் விசிறினால் வெளுத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மார்கழி மழை விடுகிற மாதிரி இல்லை. ஒருநாள் மத்தியானம் கொஞ்சம் வெளித்தது. துணிந்து விசிறினேன். காய்ந்து வரும்போது குதிரையும் வீரனும் வாளும் எல்லாம் திருநீறு பூசினதுபோல வெள்ளையாக நின்றன.

குசினிக்குள் போய் நின்று அழுதேன். முன்னறையில் அழுதால் அம்மா காரணம் கேட்பா. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு படம் எடுத்து அனுப்பி, மழை கெடுத்துப்போட்டது, எல்லாவற்றையும் கழுவி முதலிலிருந்து செய்து தருகிறேன் என்று எழுதினேன். சுரேனின் மறுமொழி குரல்பதிவாக வந்தது. "அக்கா, ஒண்டையும் கழுவிப்போடாதேங்கோ! இஞ்ச பனிக்குள்ள பிறந்து வளர்ந்தவங்களாலயே பனியை இப்பிடிக் கொண்டுவர ஏலாமக் கிடக்கு."

பொம்பிளை பார்க்க வந்தவர்கள்

கௌசிக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பாலையூற்றுப் பக்கம், நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு மின்சார சபையில் வேலை. பின்னேரம் வருவதாகச் சொன்னவர்கள் மத்தியானமே வந்து இறங்கினார்கள். முன்னறை மேசையில் என் எலும்புக்கூட்டுப் படை, புது ஈட்டிகள் ஒட்டி, அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. தூக்க ஏலாது. அம்மா ஓடிப்போய்ப் பூப்போட்ட விரிப்பு ஒன்றை எடுத்துவந்து மேலே போர்த்தா. ஈட்டிகள் முட்டிக்கொண்டு நின்றதில், மேசைக்கு மேல் ஒரு பூந்தோட்டம் மேடும் பள்ளமுமாக இருந்தது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மாப்பிள்ளையின் தகப்பன் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையை அந்தப் பூந்தோட்டத்தின் மேல் வைக்கும்வரை. நொறுக் என்று ஒரு சத்தம். கோப்பை சரிந்தது. நான் யோசிக்காமல் விரிப்பை இழுத்துவிட்டேன். ஒரு முழுப் பட்டாளம் விருந்தாளிகளைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டு நின்றது.

மாப்பிள்ளையின் தாய் கௌசியைப் பார்த்து, "இது என்ன மகள்?" என்று கேட்டா. விளையாட்டுச் சாமான் என்று சொல் என்று அம்மா கண்ணால் கெஞ்சினா. கௌசி தலையைக் குனியவில்லை. "இது அக்காவின்ரை தொழில், மாமி. இந்தக் காசிலதான் நான் படிச்சு முடிச்சனான்" என்றாள். மாமி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு எலும்புக்கூட்டை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தா. பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சொன்னா: "பல்லெல்லாம் வடிவாய்த்தான் இருக்கு."

அலுமாரிக்கு மேலே

சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டா. சாப்பாடு ஆயத்தம் என்பதைக்கூடக் கௌசியிடம்தான் சொல்லி அனுப்புவா. நான் படையை ஒரு பெட்டிக்குள் அடுக்கி அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். இனி விளையாட வரமாட்டேன் என்று றிஸ்வானுக்கும் சொன்னேன். வெளிநாட்டுக்காரர் அனுப்பும் நிறவேலை மட்டும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. தங்கையின் வாழ்க்கையை நாலு பிளாஸ்டிக் எலும்புக்காகக் கெடுத்தவள் என்ற எண்ணம் தூரிகையை எடுக்கும்போதெல்லாம் கூடவே வந்தது.

ஒருநாள் சந்தைக்குப் போய் வந்து பார்க்கிறேன், பெட்டி கீழே திறந்து கிடக்கிறது. கௌசி நிலத்தில் இருந்து, உடைந்த வீரர்களுக்குக் கால் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு காலை முன்பின்னாகவும் ஒட்டிவிட்டாள். "ஏன்டி இதை எடுத்தனி?" என்று கத்தினேன். அவள் நிமிராமலே சொன்னாள்: "என்னைக் கட்டப்போறவர் இதுக்கே பயப்பிடுவார் எண்டால், அதை நான் இப்பவே தெரிஞ்சுகொள்ளுறது நல்லது, அக்கா."

பதில்

தை பிறந்த கையோடு மாமியே தொலைபேசி எடுத்தா. அவர்கள் குடும்பத்தில் ஒரு செத்தவீடாம், அதனால்தான் பிந்தியதாம். இவ்வளவு நாளும் நாங்கள் எலும்புக்கூடுகளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. இடையில் ஒருதரம் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தா.

வைத்த பிறகு கௌசியைக் கட்டிப்பிடித்து அழுதா. பிறகு என் பக்கம் திரும்பி, பல நாளுக்குப் பிறகு என்னோடு நேரடியாகக் கதைத்தா. மாமி சொன்னதை அப்படியே ஒப்புவிப்பதற்குத்தான்: "பொம்பிளை எங்களுக்குப் பூரண சம்மதம். ஆனால் தயவுசெய்து அந்த மேசையைச் சீதனமாய்த் தந்துபோடாதேங்கோவாம்."

ஆகவே என் சக பாவிகளே, படை கட்டைவிரல் உயரம்தான் என்றாலும், அதற்காக வீட்டில் நடத்த வேண்டியிருக்கிற சமாதானப் பேச்சுகள் எல்லாம் முழு அளவுதான்.