மூன்றாம் தண்ணீருக்கு முன்

வேப்பிலை வாடும் கசப்பு மணம் எங்கிருந்து வந்தாலும், கல்கத்தா கார்டன் ரீச் குவார்ட்டர்ஸின் அந்தப் பங்குனி மாத மாடிப்படி எனக்குள் இருண்டு எழுந்து நிற்கும்.

கீழ்வீட்டு ராஜம் மாமியின் மகனுக்குப் பெரியம்மை. படியின் குறுக்கே கயிறு கட்டி வேப்பிலை செருகியிருந்தார்கள். அம்மை இறங்கியவன் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகே அதை எடுப்பது நம் வழக்கம். ஹோலி நெருங்கியதும் காலனிக் கமிட்டி முதல் தண்ணீரோடு கயிற்றை அவிழ்த்துவிட்டது. "இத்தனை அவசரம் எதுக்கு?" என்று குழாயடியில் எல்லோரும் முணுமுணுத்தோம். கமிட்டியிடம் போய்க் கேட்கத்தான் ஒருவரும் இல்லை. நானோ, தடைதான் நீங்கிவிட்டதே என்று, பெஹாலாவிலிருந்த என் மகள் வசந்தியை வளைகாப்புக்கு வரச் சொல்லிவிட்டேன். அவளுக்கு எட்டாம் மாதம்.

ரிக்‌ஷா வந்து நின்றது. முற்றத்தில் மேளம் அதிர, வண்ணப்பொடி புகைபோல் எழுந்தது. வசந்தி படியில் கால் வைத்தாள். ராஜம் மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள்: "ஏறாதேடி! கயித்தை அவுத்தவா என் பிள்ளையை வந்து பார்த்தாளா? பொருக்கு இன்னும் உதிரலை!"

ஓடிப்போய் வசந்தியை இறக்கினேன். அடுத்த வாரம் எதிர் பிளாக்கில் வேப்பிலை தொங்கியது. பிறகு அதற்கடுத்த பிளாக்கிலும். வசந்தி தப்பித்தாள். இப்போதெல்லாம் யார் தடையை நீக்கினாலும், நோய் கண்ட வீட்டாரைக் கேட்காமல் நான் வாசலைத் திறப்பதில்லை.

அன்று ரிக்‌ஷா திரும்பும்போது வசந்தி கையை நீட்டினாள். "வளையலாவது போட்டு அனுப்பேம்மா."

"அந்த வளையலும் இந்தப் படி வழியாத்தானேடி வந்தது. போ, திரும்பிப் பார்க்காதே."