மரத்துக்கு வயசு உண்டு

மாதுளை நிற்கும் மண்ணெண்ணெய் டின்னை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலால் முட்டுக்கொடுத்து, ஒரு பக்கமாகச் சாய்க்கிறார் சேதுபதி. குனிந்து அடியைப் பார்க்கிறார். தகரம் முழுசாகத்தான் இருக்கிறது. வேர் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் திருப்தி வரவில்லை. இடுப்பில் செருகியிருக்கும் கம்பியை உருவி மண்ணில் அங்கங்கே குத்திப் பார்க்கிறார். பிறகு டின்னைத் தூக்கி, இருந்த இடத்திலிருந்து தள்ளி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைக்கிறார். ஓரிடத்தில் நிலைத்தால்தானே வேர் இறங்கும்?

“விட்டிருச்சாண்ணே?” என்று கேட்கிறாள் சரஸ்வதி, துவைக்கிற கல்லிலிருந்து தலையைத் தூக்காமலே.

“எது?”

“வேருதான்.”

“சிரிக்காத தங்கச்சி. சிரிக்கிறவுகளத்தான் நான் ரெண்டாந்தடவையும் பாப்பேன்.”

காரைக்குடியில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகளில் அதுவும் ஒன்று. உடையவர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். கல்யாணம், காரியம் என்றால் மட்டும் வந்து திறப்பார்கள். மற்ற நாட்களில் வீடு சேதுபதியின் பொறுப்பு. சாவிக்கொத்து அவரிடம், அடுப்படியை ஒட்டிய ஓர் அறை அவருக்கு. பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபின் அந்த அறையைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது. பின்கோடியில் இருந்த வண்டிக் கொட்டகையைத் தடுத்து, சொக்கலிங்கம் என்ற தச்சருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அவர் மனைவிதான் சரஸ்வதி. கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு கிணறு, கொஞ்சம் செம்மண் தரை.

அந்தத் தரையில் கீரை போடலாம். கத்தரி, வெண்டை, மிளகாய் எது வேண்டுமானாலும் போடலாம். மரம் மட்டும் கூடாது. குடிவந்த அன்றைக்கே சேதுபதி சொல்லிவிட்டார்.

“கீரைக்கு வயசு கிடையாது தங்கச்சி. மரத்துக்கு உண்டு.”

அவருக்கு இந்தப் புத்தி வந்தது நெற்குப்பை என்ற ஊரில். அங்கே ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய சித்தப்பா மகன் அரசப்பன். குடியிருந்தவன் ஒரு கொய்யாக் கன்றை வைத்தான். அரசப்பனும் பழத்துக்கு ஆசைப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். பின்னால் காலி செய்யச் சொன்னபோது அவன் கோர்ட்டில் போய், நான் வளர்த்த இந்தக் கொய்யாவுக்கு என்ன வயசோ அத்தனை வருசமாக இங்கே இருக்கிறேன், இடம் எனக்குத்தான் என்று நின்றானாம். மரத்தை வந்து பார்த்தார்களாம். “வாயில்லாத சாட்சிதான், ஆனா பொய் சொல்லாது பாருங்க” என்பார் சேதுபதி. வழக்கு இழுத்துக்கொண்டே போக, அரசப்பனை வீட்டுக்காரர்கள் வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் சிங்கம்புணரி சந்தையில் மூட்டை தூக்குகிறார்.

அதனால் சேதுபதி யாரையும் நம்புவதில்லை. பூட்டைப் பூட்டித் தொங்கிப் பார்ப்பார். பால்காரன் சிரித்த நாளில் பாலை முகர்ந்து பார்ப்பார். சாயங்காலம் பின்வாசலுக்கு உள்ளே அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டு, காலையில் வந்து உட்கார்ந்து தடங்களைப் படிப்பார். “நேத்து இங்குட்டு ஒரு கோழி வந்திருக்கு. யாரு வீட்டுக் கோழி? என்னத்துக்கு வந்துச்சு?” யாராவது நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். கேட்டவர் போனபிறகு, ஏன் கேட்டார் என்று சரஸ்வதியிடம் விசாரிப்பார்.

சரஸ்வதி மரத்துக்கு ஆசைப்பட்டவள். சந்தையில் வாங்கிய மாதுளையையும் எலுமிச்சையையும் தரையில் வைக்காமல் டின்னில் வைத்தாள். “இது மரமில்லண்ணே, சாமான். போறப்ப தூக்கிட்டுப் போயிருவோம்ல” என்றாள். அதற்குச் சேதுபதியால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. வாரம் தவறாமல் தூக்கிப் பார்க்கிற வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

களாச்செடி கதை வேறு. பின்சுவரோரம் அவள் வரிசையாகக் களா ஊன்றியதைப் பார்த்ததும் பிடுங்கத்தான் போனார். முள் கையில் ஏறியது. ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே சுவரை அண்ணாந்து பார்த்தார். சுவர் ஏறிக் குதிக்கிற திருடனும் இந்த முள்ளில்தானே விழவேண்டும்? திருடன் மேலிருந்த சந்தேகம் குடியிருப்பவள் மேலிருந்த சந்தேகத்தை ஜெயித்தது. “இருக்கட்டும். யாரும் கேட்டா மரமின்னும் சொல்லாத, செடியின்னும் சொல்லாத. வேலின்னு சொல்லு.” களா காய்த்தது. சரஸ்வதி வேலியை ஊறுகாய் போட்டு அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். அவர் முதலில் அவளைச் சாப்பிடச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டார்.

டின்னுச் செடிகள் தளதளவென்று வளர்ந்தன. கம்பியால் குத்திக் குத்தி மண் பொலபொலவென்று இருந்தது. திருப்பித் திருப்பி வைத்ததில் எல்லாப் பக்கமும் வெயில் பட்டது. சம்பளத்துக்கு வைத்த தோட்டக்காரன்கூட இவ்வளவு பார்க்கமாட்டான். சரஸ்வதிக்கு இது சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. எலுமிச்சையை நிழலிலிருந்து வெயில் பக்கம் மாற்றவேண்டுமென்றால், “அண்ணே, அந்த டின்ன மட்டும் தொடாதீக” என்பாள். அடுத்த நிமிடம் டின் வெயிலில் இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக வீடு திறந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் நாகம்மை ஆச்சி, கூட்டத்திலிருந்து தப்பித்துக் காற்று வாங்கப் பின்கட்டுக்கு வந்தார். மாதுளை அப்போது காயும் பூவுமாக நின்றது. ஆச்சி அப்படியே நின்றுவிட்டார்.

“யாரு வச்சது இது?”

நான் என்றால் குடித்தனம் போகும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரைச் சொன்னால் ஆச்சிக்குக் கோபம் வராது என்று நினைத்தாள் சரஸ்வதி.

“எல்லாம் நம்ம சேதுபதி அண்ணே வளத்ததுதான் ஆச்சி.”

சேதுபதிக்கு உள்ளங்காலில் களா முள் தைத்தது போலிருந்தது. நெற்குப்பைக்காரன் கோர்ட்டில் சொன்னதும் இதுதானே, நான் வளர்த்த மரம் என்று? ஆச்சி கேட்டாகிவிட்டது. பந்திக்கு வாழையிலை அறுத்துக்கொண்டிருந்த ஆளும் கேட்டுவிட்டான்.

“நானா? நான் தூக்கித்தான் பாத்தேன் ஆச்சி. வளக்கல.”

“தூக்கிப் பாத்தா மரம் வளருமாக்கும்?”

“வளந்திருச்சு ஆச்சி.”

சரஸ்வதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

“இம்புட்டு நல்ல மரத்த டின்னுக்குள்ள போட்டு வதைக்கிறியே. கிணத்தடியில எறக்கி வையி. இத்தன வருசமா இருக்கே, ஒனக்கும் ஒரு மரம் இருந்தா நல்லதுதானே” என்றார் ஆச்சி.

எத்தனையோ தீபாவளி பார்த்தாகிவிட்டது. சேதுபதிக்கு வேட்டிக்கு மேல் எதுவும் வந்ததில்லை. இன்றைக்கு மரமா? அதுவும் எனக்கா? இத்தனை வருசமாக என்று வருசத்தை வேறு ஏன் சொல்கிறார்? சென்னையில் யாரோ ஏதோ ஓதியிருக்கிறார்கள். ஆழம் பார்க்கிறார் ஆச்சி. வைத்தால், இடத்துக்கு ஆசைப்பட்டவன் ஆவோம். மறுத்தால், டின்னில் மட்டும் ஏன் விட்டாய் என்பார். மூட்டை தூக்கும் அரசப்பனின் முதுகு சேதுபதியின் கண்முன் வந்து போனது.

அவர் கடப்பாரையை எடுத்துக் குழி வெட்டினார். வேர்வை சொட்டச் சொட்ட ஆழமாகவே வெட்டினார். சொக்கலிங்கத்தின் உளியால் சரஸ்வதி தகரத்தைக் கிழித்தாள். மண்கட்டி உடையாமல் செடியை அணைத்துக் குழியோரம் வைத்தாள். அதற்குமேல் சேதுபதி நகரவில்லை.

“ஆச்சி கையால எறக்குங்க.”

“என் கையெல்லாம் சந்தனம். நீயே வையப்பா.”

“ஆச்சி வச்சாத்தான் தழைக்கும். நம்ம கை ஆகாத கை.”

ஆச்சிக்கு அதில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியோரம் உட்கார்ந்தார். செடியை இழுத்து உள்ளே இறக்கினார். கனம் தாங்காமல் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காய்கள் அவர் தோளில் இடித்தன.

“ஐயோ, சாயுதுப்பா! பிடி, பிடி!”

சரஸ்வதி பதறிக் கை நீட்டினாள்.

“தங்கச்சி, நீயும் தொடாத!”

ஆச்சி ஒரு கையால் தண்டைத் தாங்கிக்கொண்டு மறுகையால் மண்ணைத் தள்ளித் திணறிக்கொண்டிருந்தார். சேதுபதி ஓர் அடி பின்னால் போய் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, முன்னால் தாவப் பார்த்த வலது கையை இடது கையால் மணிக்கட்டோடு இறுகப் பிடித்துக்கொண்டார்.