குழலுக்குள் அம்மையைத் தேடிய நாள்

புருவ எலும்பில் அழுந்தும் ரப்பர் வளையத்தின் குளிர்ச்சியும், சாரல் காலத்தில் அதிலிருந்து எழும் பழைய டயர் வாடையும் இன்னும் என் நினைவில் இருக்கின்றன.

கட்டைவிரல் நீளமே உள்ள ஒற்றைக்கண் தொலைநோக்கி அது. எனக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. கண்ணாடி போட்டும் கரும்பலகை வெறும் கறுப்பாகவே தெரிந்ததால், ஏழாம் வகுப்பில் திருநெல்வேலிக் கண் மருத்துவர் அதைத் தந்தார். கண்ணில் வைத்துத் திருகினால் தூரத்து எழுத்து பக்கத்தில் வந்துவிடும். வீட்டில் அதற்குக் "குழல்" என்று பெயர். ஆனால் இலஞ்சிப் பள்ளியில் அதை யாரும் பார்த்ததில்லை. கேலிக்குப் பயந்து பையின் அடியில் ஒளித்துவைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த செல்வியின் நோட்டைப் பார்த்தே எழுதினேன். எடுக்கவும் முடியாமல், வீட்டில் விட்டு வரவும் மனமில்லாமல், என் கை நாள் முழுக்க அந்தப் பையையே தடவிக்கொண்டிருக்கும்.

அந்த ஆண்டுச் சாரலில் அம்மையோடு குற்றாலம் போனேன். மாற்றுத்துணிப் பையோடு நான் படிக்கட்டில் காத்திருக்க, அம்மை பெண்கள் பகுதிக்குள் போனாள். சற்று நேரத்தில் அருவியின் இரைச்சல் மாறியது. செம்மண் நிறத்தில் வெள்ளம், அருவிமுன் இருக்கும் ஆர்ச் வளைவைத் தாண்டி விழ, காவலர்கள் விசிலடித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். நனைந்த கூட்டம் என்னை இடித்துக்கொண்டு ஏறியது. அம்மையின் பச்சைச் சேலை நனைந்து மற்றச் சேலைகளைப் போலவே கறுத்திருக்கும். சற்றுத் தள்ளி வரும் முகங்களோ என் கண்ணுக்குத் தெரியாது. நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. வேறு வழியின்றி, துணிப் பைக்குள் வைத்திருந்த குழலை எடுத்தேன். கை நடுங்கியதில் அந்த வட்டத்துக்குள் ஒரு முகமும் நிற்கவில்லை.

ஈரத்தலையோடு ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏட்டி, குளிக்கிற பொம்பளையளப் படமா எடுக்க? கொண்டா இங்கன!"

குழலைப் பிடுங்கிவிட்டாள். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள்.

"இல்லக்கா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அதுலதான் பாப்பேன். எங்கம்மையக் காணலக்கா!"

பள்ளியில் ஒருவரிடமும் சொல்லாததை அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவள் குழலைத் தன் கண்ணில் வைத்துப் பார்த்தாள். முகத்தில் இருந்த கோபம் தணிந்து, குரலும் இறங்கிவிட்டது.

"வெறுங் கண்ணாடிதான். அழாதட்டி. நீ பாரு, கை ஆடாம நான் புடிச்சிக்கிடுதேன்."

அவள் என் முழங்கையைத் தாங்கிக்கொள்ள, கம்பித் தடுப்பின் ஒரு முனையிலிருந்து மெல்ல நகர்த்தினேன். மறுமுனையில் அம்மை நின்றாள். வாய் என் பெயரைச் சொல்லிச் சொல்லி அசைந்தது, சத்தம் வரவில்லை. தூரத்திலிருந்து அவள் முகத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் குழலை வெளியே எடுத்தேன். சிரித்தார்கள், இரண்டு நாளில் அவர்களே "எனக்கு, எனக்கு" என்று வாங்கிப் பார்த்தார்கள். அதன்பின் கூட்டமான இடம் எதற்குப் போனாலும் அம்மை பளீரென்ற ஆரஞ்சுச் சேலைதான் கட்டினாள்.

"எனக்கே கண்ணு கூசுது. ஒனக்குத் தெரியுதுல்லா, அது போதும்."

குழலின் கண்ணாடிக்குள் பூசணம் படர்ந்து, அது எப்போதோ பயனற்றுப் போயிற்று. இப்போது போன் கேமராவிலேயே தூரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அருவிப் பாலத்தில் எல்லோருமே போனைத் தூக்கிப் பிடித்து நிற்பதால், என் கையை யாரும் பிடிப்பதில்லை. "போன்ல கூப்பிட்டுக்கிடலாம்லா" என்று அம்மையும் ஆரஞ்சை விட்டு, தனக்குப் பிடித்த சாம்பல் நிறத்தில் வருகிறாள். நான்தான், அவள் பத்தடி விலகினாலும் போனை எடுத்து, "எங்கனம்மா நிக்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.