மச்சானிடம் இரவல் வாங்கிய அச்சு

அன்று எங்கள் குசினியில் இருந்தது மூன்று பேர்: நான், வடை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அவளுடைய அண்ணன். அவரும் நானும் ஒரே துப்பாக்கிக் கிளப்பில் சுடுகிறவர்கள். சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை, மறுபடி நிரப்பிச் சுடுவதற்காக, பழைய அளவுக்கு அழுத்தி எடுக்கும் உருக்கு அச்சொன்றை அவரிடம் இரவல் வாங்கியிருந்தேன். அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் என்ஜினியர். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். "அண்ணையின்ரை சாமானைப் பாருங்கோ, நகைப்பெட்டி மாதிரி" என்று மனைவி சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவர் தந்ததைவிடத் துப்புரவாகக் கொடுக்க வேண்டும் என்று அச்சை எண்ணெய் போக்கும் ஸ்பிரே அடித்துக் கழுவினேன். எண்ணெய் மிஞ்சினால் கோது நெளிந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு சொட்டும் விடாமல் துடைத்தேன். பிறகு இரண்டு கிழமை அது பெட்டிக்குள், தோட்டத்துக் கொட்டிலின் ஈரத்தில் கிடந்தது.

அவர் பெட்டியைத் திறந்தார். அச்சின் உள்ளே செம்மஞ்சள் துரு.

"மச்சான், எண்ணெய் பூசேல்லையோ?"

"எண்ணெய் கூடாதெண்டு நினைச்சன்."

"பாவிக்கேக்கை துடைக்கிறது. எடுத்து வைக்கேக்கை பூசவேணும். பரவாயில்லை, விடுங்கோ."

"வடை சுட இவ்வளவு எண்ணெய் கிடக்கு, இதுக்கு ஒரு சொட்டு இல்லையோ?" என்றாள் மனைவி. "அண்ணையெண்டபடியா ஒண்டும் சொல்லேல்லை."

அவள் குரலில் இருந்த பெருமைதான் எனக்குத் தாங்கவில்லை. அதைவிட அவர் என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"புதுசு வாங்கித் தாறன். எவ்வளவு?"

"எண்பது பவுண். வேண்டாம், மச்சான்."

பையிலிருந்த முப்பதை அவர் கையில் திணித்தேன். மீதி ஐம்பது பவுண் இன்னும் கொடுக்கவில்லை.