பெருவிரல் பதிந்த பக்கம்

சீனாவின் சூசோ நகரில், டீச்சர் வேலைக்கு வந்த நான் குடியிருக்கும் சந்தின் முனையில் தையல் மிஷின் போட்டு ஜிப் மாற்றிக் கொடுப்பவர் யிங் லான்ஷியா அக்கா. அவருடைய அப்பா நாட்டு வைத்தியர். தம் புத்தகம் ஒன்றில் அவர் சிவப்பு மையால் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது, ஐந்து வயது மகள் தன் பெருவிரலையும் மையில் தோய்த்துப் பக்கத்திலேயே அழுத்திவிட்டாள். அவர் திட்டவில்லை, சிரித்தார். அந்தக் குளிர்காலத்திலேயே இறந்துபோனார். புத்தகங்கள் நகரத்துப் பழைய நூலகத்துக்குப் போயின.

"அப்பாவும் நானும் சேந்து ஒரு போட்டோகூட கெடையாது டீச்சர். நாங்க ஒண்ணா இருக்கறது அந்தப் பக்கத்துல மட்டுந்தான்."

நூலகத்தில் கேட்டால் கணினியில் நகலைத்தான் காட்டுவார்கள். கறுப்பு வெள்ளை. "எங்கப்பாவோட செவப்பைக் கரியாக்கி வெச்சிருக்காங்க!" என்று பொருமுவார்.

அடைமழை ஓய்ந்ததும், சீனப் பஞ்சாங்கத்தின் ஆறாம் மாதத்தில் நூலக முற்றத்தில் பழைய புத்தகங்களைப் பரப்பி வெயில் காட்டுவது வழக்கம். கயிற்றுக்கு இப்பால் நின்று யாரும் பார்க்கலாம். இந்த வருஷம் வைத்திய நூல்களின் முறை. அக்கா கடையைச் சாத்திவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அப்பாவின் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் திறந்திருந்தது வேறு பக்கம்.

"பாப்பா, ஒரு நாலு பக்கம் தள்ளிக் காட்டேன்."

கையுறை போட்ட நூலகப் பெண் தலையாட்டி மறுத்தாள். "கேக்கறவங்களுக்கெல்லாம் பொரட்டக் கூடாதும்மா. ஒவ்வொண்ணா நானே பொரட்டிட்டு வருவேன். நின்னா வந்துரும்."

"நின்னா வர்றதுக்கு இது என்ன பஸ்ஸா?"

"பஸ்ஸுன்னா இதுக்குள்ள ரெண்டு போயிருக்குமே" என்றார் பின்னாலிருந்த பெரியவர்.

நின்றோம். ஒரு பக்கம் திரும்பியது. இன்னொன்று. திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. "மழை!" என்று யாரோ கத்த, எல்லோரும் அண்ணாந்தார்கள், அக்காவும். புத்தகம் நனைந்துவிடுமோ என்ற பதைப்பில் நான் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. காற்று படபடவென்று தாள்களைப் புரட்டியது. ஒரு தாள் நொடி நேரம் நிமிர்ந்து நின்றது. அதற்குள் அந்தப் பெண் புத்தகத்தை மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"மறுபடி எப்ப பாப்பா?"

"தெரியலையேம்மா!"

தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"நீ பாத்துட்ட, இல்ல?"

"பாத்தேன்க்கா."

"செவப்பாவா இருந்துச்சு?"

"நல்ல செவப்பு."

"ரெண்டும் தள்ளித் தள்ளியா?"

"இல்லக்கா. உங்க வெரல் கொஞ்சம் சாஞ்சு, அவர் முத்திரைய இடிச்சுக்கிட்டு இருக்கு."

மழை வலுத்தது.

"சாஞ்சா?"

"ஆமாக்கா."

"இன்னொரு தடவ சொல்லு."