பெனி நன்றாகச் சாப்பிடுகிறான்

ஆதரவாளர் சங்கக் கட்டடத்தின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பாராட்டிதழின்படி, நோலீன் டுல்லொக் ‘களைப்பறியாத உற்சாகி, மைதானத்தின் ஓயாத குரல், நம் மாகாண வீரர் எவரைப் பற்றியும் ஒரு சொல் குறையாகச் சொல்லாதவர்.’ எழுதியவர் சங்கத் தலைவர் மர்டோ ஸ்ட்ராங். ஆட்டுத் தரகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏலத்துக்கு வந்த எந்த ஆட்டைப் பற்றியும் அவர் இதைவிடக் குறைவாகச் சொன்னதில்லை.

உண்மையில் நோலீனுக்குக் களைப்பைப் போல நன்றாகத் தெரிந்த விஷயம் வேறொன்றும் கிடையாது. மைதானத்தில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. தெற்கிலிருந்து கடல் தாண்டி வரும் காற்றில் வாயைத் திறந்தால் பல் கூசும் என்று, கழுத்துத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மாகாண ரக்பி அணி தோற்பதை நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணியை அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்டால் யோசிப்பாள். ஆனால் ஓர் ஆட்டத்தையும் விட்டதில்லை. பிடித்தவர்கள் பலர் விட்டிருக்கிறார்கள்.

குறை சொல்லாதவள் என்ற பகுதி மட்டும் ஏறத்தாழ உண்மை. ஒரே ஒரு தடவை தவறிப்போயிற்று.

நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் அந்த மாகாணத்தில் ஆட்டக்காரனை வாங்கப் பணம் கிடையாது. படுக்க வைக்க அறைகள் உண்டு. பிள்ளைகள் வடக்கே போய்விட்ட வீடுகளில் காலியாகக் கிடக்கும் அறைகள். வெளியூர் வீரர்களை ஆதரவாளர்கள் ஆளுக்கொருவராக வீட்டில் வைத்துச் சோறு போடுவது வழக்கம். நோலீன் வீட்டு மாடியறைக்கு வந்தவன் பெனிசிமானி. டோங்கா தீவுக்காரன். ஸ்க்ரம்மில் முன்வரிசையில் தோள் கொடுத்து முட்டும் ஆள். வாசலில் நின்றால் நடை இருட்டிவிடும். முதல் வாரமே அவளை ‘மா’ என்று கூப்பிட ஆரம்பித்தான். அதைத் தடுக்கவும் அவளுக்குக் களைப்பாக இருந்தது. பருவம் பருவமாக ஏழு வருஷம் ஓடிவிட்டது.

ஐம்பது ஆட்டம் ஆடியவனுக்கு மாகாணம் ஒரு கோட்டு தரும். சின்னம் தைத்த கம்பளிக் கோட்டு. கடையில் கிடைக்காது, கல்யாணத்துக்கும் போடலாம், சவ ஊர்வலத்துக்கும் போடலாம். பெனிக்கு இன்னும் மூன்று ஆட்டம் பாக்கி. வயது முப்பத்து நான்கு. இந்தப் பருவம் தப்பினால் அடுத்தது கிடையாது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த நோலீன், பெனி மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவதைப் பார்த்தாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குகிறவனைப் போல.

“என்னடா இது?”

“ஒண்ணுமில்லம்மா. பழக்கம்.”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டினேனே. வலி மாத்திரையப் போட்டுக்கிட்டு நடந்து காட்டினேன். அவரு ரூம்ல படிக்கட்டு ஏது?” சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டான். “மா, மூணே மூணு ஆட்டம். சொல்லிடாதீங்க. சத்தியம் பண்ணுங்க.”

ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. அவள் சத்தியம் பண்ணினாள்.

ஜூலைக் கடைசியில், ஞாயிறு மதியம், சங்கத்தில் அணி அலசல். ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவர வேண்டும். நோலீன் வழக்கம்போல சீஸ் ரோல் சுட்டு எடுத்துப் போனாள். வெளியே பனியும் மழையும் கலந்து அடித்தது. உள்ளே முப்பது பேர், ஒரு ஹீட்டர், நம்பிக்கை. நம்பிக்கைக்கும் நாற்பது வயது. ஒவ்வொரு ஜூலையிலும் எழுந்து உட்காரும், செப்டம்பரில் படுத்துக்கொள்ளும்.

“எழுதி வெச்சுக்குங்க, இது நம்ம வருஷம்!” என்றார் மர்டோ. அவரும் ஒரு காலத்தில் முன்வரிசைதான். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“போன வருஷமும் நம்ம வருஷந்தான் மர்டோ. கடைசியிலேருந்து ரெண்டாவது,” என்றாள் கோரல் ஹீனன். ஆடு மயிர் கத்தரிக்கும் கூட்டத்துக்குச் சமைத்துப் போடுகிறவள். அவள் கரண்டியைவிட நாக்கு நீளம்.

“கடைசி இல்லல்ல? அதான் முன்னேற்றம்.”

“பந்து உதைக்கறதுக்கு யாரு இருக்கா? அந்தப் பள்ளிக்கூட வாத்தியார் பையனா? அவன் உதைச்சா பந்து பக்கத்துப் பண்ணையில போய் மேயுது.”

“காத்து அப்படி!”

“எதிராளிக்கு மட்டும் வேற காத்தா அடிக்குது?”

அணி மேலாளர் அலிஸ்டர் புல்லார் ஓர் ஓரமாக பீர் குடித்தபடி, எதுவும் காதில் விழாதவர் போல உட்கார்ந்திருந்தார். இவர்கள் சொல்லும் அணியை அவர் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் தலையை நிமிர்த்துவார். ஆட்டக்காரனை வைத்திருக்கும் வீட்டுக்காரரிடம், அணி அலசலின் முடிவில், மர்டோ கேட்கும் கேள்வி: “எப்படிச் சாப்பிடறான்?” இந்த ஊரில் ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரே சோதனைதான். தீனி எடுத்தால் தேறும். எடுக்காவிட்டால் விற்றுவிட வேண்டியது. பயிற்சியாளர் கணினியில் என்ன வரைந்து காட்டினாலும், அலிஸ்டர் இந்தப் பதிலைத்தான் மனதில் முடிந்துகொண்டு போவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முன்வரிசையில் ஓர் இடம்தான் மிச்சம். பெனி, இல்லையென்றால் மலையடிவாரத்துப் பண்ணைப் பையன் ஒருவன்.

“நோலீன், நம்ம பெனி எப்படிச் சாப்பிடறான்?”

நோலீன் தேநீரைக் கீழே வைத்தாள். “நல்லா சாப்பிடறான்,” என்றாள்.

அதில் பொய் ஒரு துளியும் இல்லை. ஆட்டுத்தொடை ஒன்றைத் தனியாளாக முடிப்பான். அத்தனை பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அலிஸ்டர் மறுபடி பீரைப் பார்த்தார். ஏழு வருஷம் கேட்ட கேள்விக்கு ஏழு வருஷம் சொன்ன பதில். இந்தத் தடவை மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுப் பொய் சொன்ன மாதிரி அவளுக்கு வாய் கசந்தது.

“அவ்வளவுதான், பெனி உள்ளே! எல்லா ஆட்டமும் முழுசா ஆடவிடுவோம்!” என்று மர்டோ எழுந்திருக்கப் பார்த்தார். வரவில்லை. மேசையை இரண்டு கையாலும் அழுத்தினார். அப்போதும் வரவில்லை.

“இருய்யா, கிரேன் வருது,” என்று கோரல் அவர் அக்குளில் கை கொடுத்தாள். “ஒண்ணு, ரெண்டு, தூக்கு!”

அறையே சிரித்தது. மர்டோதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

நோலீன் சுற்றுமுற்றும் பார்த்தாள். அந்தக் கோட்டுப் போட்டவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவருடைய தடி நாற்காலிக் கையில் தொங்கியது. ஒருவர் இடுப்பைச் சரித்து, பாதி நின்றபடியே உட்கார்ந்திருந்தார். அவள் புருஷன் கிரேமிடமும் அந்தக் கோட்டு இருந்தது. அதைப் போட்டுத்தான் புதைத்தார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம், தினமும் காலையில் அவன் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டுவான். இவள் தரையில் உட்கார்ந்து காலுறை மாட்டிவிடுவாள். சண்டை போட்ட நாளிலும் மாட்டிவிட்டாள். குனிய முடியாதவனிடம் கோபித்துக்கொள்வது எவ்வளவு அலுப்பான வேலை என்று அவளுக்குத்தான் தெரியும்.

“அலிஸ்டர்,” என்றாள்.

அவள் தானாக வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

“அவன் மாடிப்படியில பின்பக்கமா இறங்கறான்.”

வேறு ஊராக இருந்தால் ‘அதனால் என்ன?’ என்று கேட்டிருப்பார்கள். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. முழங்கால் தேய்ந்துபோன பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான் இறங்குகிறார்கள்.

“நானுந்தான் அப்படி இறங்கறேன்!” என்றார் மர்டோ.

“உனக்கு எழுபத்தாறு வயசு,” என்றாள் நோலீன்.

“எவ்வளவு நாளா?” என்று அலிஸ்டர் கேட்டார்.

“குளிர் வந்ததிலேருந்து நான் பார்க்கறேன். அதுக்கு முன்னாடி எப்படின்னு தெரியாது. மாத்திரையப் போட்டுக்கிட்டு சமதரையில நடந்து காட்டியிருக்கான்.”

“மூணே ஆட்டந்தானே நோலீன்,” என்றாள் கோரல், குரலை இறக்கி. “கோட்டு வாங்கிடுவானே, பாவம். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடட்டும்.”

“ஆடட்டும். அப்புறம் தினம் வந்து நீ காலுறை மாட்டிவிடுவியா?”

கோரல் ஒரு சீஸ் ரோலை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். அலிஸ்டர் கோப்பையை வைத்துவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அப்பால், சாய்ந்து அடிக்கும் பனிமழையில், அவர் பேசுவது தெரிந்தது. மர்டோ நின்றபடியே கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “சரி,” என்றார், “அந்தப் பண்ணைப் பையன் எப்படிச் சாப்பிடறான்?”

நோலீன் வீடு திரும்பினபோது பெனி உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தான். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் சொன்னாள்.

“சொல்லிட்டேன்டா.”

அவன் மசிப்பதை நிறுத்தவில்லை. கட்டி ஏதும் மிஞ்சாத பிறகும் மசித்தான்.

“நீங்க சத்தியம் பண்ணீங்க.”

“பண்ணேன்.”

“நல்லா சாப்பிடறான்னு மட்டும் சொல்லியிருக்கலாமே மா.”

“அதையும் சொன்னேன்.”

மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோபத்தில் சாப்பாட்டைத் தள்ளிவைப்பான் என்று எதிர்பார்த்தாள். இரண்டு தடவை போட்டுக்கொண்டான். பிறகு, அவளைப் பார்க்காமல் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக மாடி ஏறினான். ஏறுவதும் இப்போது சரியாக இல்லை என்பதை அவள் அன்றுதான் கவனித்தாள்.

அந்தப் பருவத்தில் அணி கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தது. மர்டோ அதையும் முன்னேற்றம் என்றார். வருஷக் கடைசியில் நோலீனுக்குப் பாராட்டிதழ் கொடுத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் பேரை மட்டும் மாற்றி அச்சடிக்கும் வாசகந்தான் அது. பொருத்தம் பார்க்கும் வழக்கமில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெனி, கோட்டு இல்லாமல், மற்றவர்கள் நிறுத்தின பிறகும் கொஞ்சம் கைதட்டினான். அது மன்னிப்பா கிண்டலா என்று நோலீன் கேட்கவில்லை.

அவள் செய்தது இவ்வளவுதான். பெனிக்குப் பண்ணிக்கொடுத்த சத்தியத்தை மீறி, முப்பது பேர் முன்னால், அவன் முழங்கால் போய்விட்டது என்று சொன்னாள். மறுநாள் காலை கோரலை வரவழைத்து, கீழறையில் இருந்த தன் தையல் மிஷினை மாடிக்கு ஏற்றிவிட்டு, அவன் கட்டிலை அங்கே இறக்கிப் போட்டாள்.