அத்தான் போன ஆற்றுக்கு அக்கா

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வந்த வேனில் அக்கா அந்த நீளக் குழாயை மடியில் குறுக்கே வைத்தபடியே ஆரையம்பதிவரை வந்தாள். பெட்டிகளையெல்லாம் இறக்கத் தந்தவள் அதை மட்டும் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. நோர்வேயில் மாரடைப்பால் இறந்துபோன அத்தானின் ஆண்டுத் திவசத்தை ஊரில் செய்வதற்காக வந்திருந்தாள். அதனால் குழாய்க்குள் ஏதோ பூசைச் சாமான் இருப்பதாகப் பெரியம்மா நினைத்துக்கொண்டு, "சாமியறைக்குள்ள வை புள்ள" என்றார். அக்கா மூடியைத் திருகித் திறந்து காட்டினாள். உள்ளே, துண்டு துண்டாகக் கழற்றித் துணியில் சுற்றிய அத்தானின் தூண்டில் கம்பு.

அத்தான் அங்கே பஸ் ஓட்டினார். கோடை பிறந்ததும் வேலைத்தள நண்பர்களுடன் வடக்கே ஓர் ஆற்றுக்குச் சால்மன் பிடிக்கப் போய்விடுவார். எங்களுக்குச் சால்மன் என்றால் கடையில் தகரத்தில் அடைத்து விற்கும் செமன் டின். அதற்குள் இருப்பதும் வேறு மீன். அந்த ஆற்றில் நினைத்தவர் நினைத்த இடத்தில் நின்று தூண்டில் போட முடியாதாம். ஆற்றைக் கூறு கூறாகப் பிரித்து, எந்தக் கூறில் எந்த நாளில் யார் நிற்பது என்று முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பார்கள். புழுவோ இறாலோ கொளுவக் கூடாது. இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி மட்டும்தான். பிடித்த மீனிலும் பெரும்பாலானவற்றைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். "விட்டுட்டு வாறதுக்கு ஏன் இவ்வளவு தூரம் போறீங்க?" என்று அக்கா கேட்டால் அத்தான் சிரிப்பாரே தவிர பதில் சொல்லமாட்டார். மொழி பிடிபடாத ஊரில், இருட்டாத கோடை இரவுகளில், சின்னப் பிள்ளைகளுடன் அவள் தனியே இருந்த ஆத்திரத்தை என்னிடம்தான் தொலைபேசியில் கொட்டுவாள். அவரிடம் சொன்னாளோ தெரியாது.

அவர் இறந்த வருடம் ஆற்றில் அவருடைய இடத்தை நண்பர்கள் வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை அதை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டு ஒருவர் அக்காவுக்குப் போன் எடுத்தார். அக்கா யோசிக்கவேயில்லையாம். "நான் வாறன்" என்றிருக்கிறாள். வாழ்நாளில் எங்கள் வாவியில் ஒரு செப்பலிக்குஞ்சுகூடப் பிடித்தறியாதவள்.

"உனக்கென்ன விசரா அக்கா?" என்று கேட்டேன்.

"என்னையும் புள்ளைகளையும் விட்டுட்டு அப்பிடி என்னத்துக்குப் போனார் எண்டு எனக்குத் தெரியவேணும்" என்றாள்.

திவசம் முடிந்த மறுநாளே பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். வெயில் தாழ்ந்ததும் இருவரும் வாவிக்கரைக்குப் போவோம். கொக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டியிருந்தாள். இந்த வகைத் தூண்டிலில் பொய்ப் பூச்சிக்குப் பாரமே இல்லை. பாரமான நூலைக் காற்றில் விசிறி, அதன் வேகத்தில்தான் பூச்சியைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். நோர்வேயில் இருந்த மகன் தேடி அனுப்பிய வீடியோ ஒன்று அவளுடைய போனில் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தான் எறிகிறார். கரையிலிருந்து நண்பர் ஒருவர் எடுத்ததால் அவருடைய முதுகு மட்டும்தான் தெரியும். "இதிலயும் முதுகுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே பார்ப்பாள். அவள் எறிந்த நூல் காலடியில் குவிந்தது, காதில் அடித்தது, கரையோரக் கண்டல் மரக் கிளையில் சிக்கியது. தோணியில் போன அயல்வீட்டு மாமா ஒருநாள், "என்ன புள்ள, மீன் புடிக்கிறயா, காகம் கலைக்கிறயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டிலும் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கம்பைப் பூட்டுவாள், கழற்றுவாள். சோற்றுக் கோப்பையோடு எழுந்துபோய்த் தூண்டிலின் நூற்சுருளைச் சுற்றிப் பார்ப்பாள். அத்தான் ஆற்றில் இறங்கப் போடும் நெஞ்சளவு ரப்பர் காற்சட்டையை மாசி வெக்கையில் மாட்டிக்கொண்டு விறாந்தையில் நடந்தபோது நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா சிரிக்கவில்லை.

"புருசன் செத்து இப்பதான் ஒரு வருசம். ஊர் பார்க்குது மகள்."

"பார்க்கட்டும் பெரியம்மா. அவர் போகக்குள்ள நான் தனிய இருந்தத ஒருத்தரும் பார்க்கல்ல."



புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், வாடைக்காற்று ஓய்ந்திருந்த ஒரு மாலையில், அக்கா வீசிய நூல் தலைக்குமேல் வளைந்து, விரிந்து, நேராக நீண்டு, வாவியில் சத்தமில்லாமல் படுத்தது. நான் கைதட்டிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. இழுத்து மறுபடி வீசினாள், மறுபடியும் வீசினாள். முழங்காலளவு தண்ணீரில் நின்ற அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு, இருட்டும்வரை கரையில் இருந்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததை அவள் மறந்தேபோனாள் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு வரவில்லை.

போகுமுன் கம்பையும் நூலையும் கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தாள். வேறு நீரில் நனைந்த சாமான்களை மருந்தில் தோய்த்தெடுத்த பிறகுதான் அந்த ஆற்றில் இறக்க விடுவார்களாம். நோய் பரவிவிடும் என்ற பயம். "எங்கட வாவியில ஒரு துளியும் அங்க போக ஏலா" என்று சொல்லியபடி ஒவ்வொரு துண்டாகத் துடைத்துக் குழாய்க்குள் வைத்தாள்.

ஆடியில் அவள் ஆற்றுக்குப் போன நாட்களில் எனக்குச் சமையலும் ஓடவில்லை, தையலும் ஓடவில்லை. போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில் அவளே எடுத்தாள். பின்னால் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"மீன் ஒண்டு புடிச்சிச்சு. இழுத்துக்கொண்டு ஓடிச்சு. மறுகா கழண்டு போயிட்டு."

"ஐயோ. எப்பிடியக்கா இருந்திச்சு?"

"கம்பு வில்லு மாதிரி வளைஞ்சு போயிட்டு."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். அடுத்த கோடைக்கான இடத்தைத் தன்னுடைய பெயரில் பதியச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

"அப்ப அத்தான்ல இருந்த கோபம் போயிட்டா?"

"எங்க போறது? இப்பதான் கூடியிருக்கு" என்றாள் அக்கா. "இந்த மனுசன் ஒருக்காவாவது என்னையும் கூட்டிட்டு வந்திருக்கலாந்தானே."